டெங்குவா, வெறும் காய்ச்சலா? எந்த நாளில் எந்த டெஸ்ட்?

குழந்தைக்கு ராத்திரி திடீரென்று 103 டிகிரி காய்ச்சல். விடிந்ததும் தெருமுனை லேபுக்கு ஓடுகிறோம். 'டெங்கு டெஸ்ட் எடுத்துடுங்க சார்' என்கிறோம். சாயங்காலம் கைக்கு ஒரு தாள் வருகிறது. அதில் 'நெகட்டிவ்' என்று இருக்கிறது. 'அப்பாடா, டெங்கு இல்லை!' என்று நிம்மதியாகிவிடுகிறோம். மூன்றாம் நாள் காய்ச்சலும் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். குளிக்க வைத்து, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தயாராகிவிடுகிறோம்.

அந்த நிம்மதி சரிதானா?

'நெகட்டிவ்' என்ற சொல்லுக்கு லேப் கொடுக்கும் அர்த்தம் வேறு, நாம் எடுத்துக்கொள்ளும் அர்த்தம் வேறு. 'நாங்கள் தேடிய பொருள், இந்த ரத்தத்தில், இன்றைய தேதியில், எங்கள் கருவிக்கு அகப்படவில்லை.' லேப் சொல்வது இவ்வளவுதான். 'உங்கள் குழந்தைக்கு டெங்கு இல்லை' என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் சில வீடுகளில் விபரீதம் நடந்துவிடுகிறது. ஆகவே, இந்தப் பரிசோதனைகள் எதைத் தேடுகின்றன, எப்படித் தேடுகின்றன, எந்த நாளில் தேடினால் கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகத் தெரிந்துகொள்வோம். வாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

மலேரியா என்றால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமியையே பார்த்துவிடலாம். காசநோய்க் கிருமியைச் சளியில் பார்த்துவிடலாம். வைரஸ் அப்படி அகப்படாது. டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! சாதாரண மைக்ராஸ்கோப்பின் சக்திக்கு இது எட்டாது. 1931-ல் ஜெர்மனியில் ரஸ்கா, நோல் என்ற இருவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை உருவாக்கிய பிறகுதான் வைரஸைக் 'காண்பது' சாத்தியமாயிற்று. ஆனால் அந்தப் பெரிய யந்திரத்தைத் தெருவுக்குத் தெரு வைக்க முடியுமா?

அதனால் பழைய நாளில் வைரஸை வளர்த்துப் பார்த்தார்கள். நோயாளியின் ரத்தத்தைச் சுண்டெலிக் குட்டியின் மூளையில் செலுத்திக் காத்திருப்பார்கள். பிறகு கண்ணாடிக் குடுவையில் வளரும் உயிரணுக்களில் வைரஸை வளர்க்கும் முறை வந்தது. இதில் நம் நாட்டுக்கும் ஒரு பெருமை உண்டு. புனேயில் 1952-ல் தொடங்கப்பட்ட வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் (இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம்), கே.ஆர்.பி.சிங் என்ற விஞ்ஞானி 1967-ல் ஏடிஸ் வகைக் கொசுவின் புழுக்களிலிருந்து உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, குடுவையில் தொடர்ந்து வளரச் செய்தார். அந்த வழியில் வந்த உயிரணுக்களில்தான் உலகம் முழுவதும் டெங்கு வைரஸை வளர்த்தார்கள்.

எல்லாம் சரி, ஆனால் இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இன்னொரு வழி, காய்ச்சலின் ஆரம்பத்தில் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்து, எதிர்ப்புப் பொருள் நான்கு மடங்கு கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. முடிவு துல்லியமாக இருக்கும். ஆனால் அது வந்து சேரும்போது நோயாளி ஒன்று எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார், இல்லை... சொல்ல வேண்டாம். ஆக, ஆராய்ச்சிக்கு உதவிய டெஸ்ட், படுக்கையில் இருப்பவருக்கு உதவவில்லை. 'சீக்கிரம்' என்பதுதான் அன்றைய பிரச்னை.

மூன்று தடயங்கள்

திருடன் அகப்படாவிட்டாலும் அவன் விட்டுச் சென்ற தடயத்தை வைத்துப் பிடிக்கலாம் அல்லவா? வைரஸும் ரத்தத்தில் மூன்று தடயங்களை விடுகிறது.

ஒன்று, வைரஸின் மரபுப் பொருள். டெங்குவுக்கு அது ஆர்.என்.ஏ.

இரண்டு, வைரஸின் புரதம். இதை ஆன்டிஜன் என்பார்கள். டெங்குவில் 'என்.எஸ்.1' என்ற புரதம், நோயுற்ற உயிரணுக்களிலிருந்து ரத்தத்தில் வந்து கலக்கிறது.

மூன்று, வைரஸை எதிர்த்து நம் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம். இதுதான் ஆன்டிபாடி. முதலில் வருவது ஐ.ஜி.எம்., பின்னால் வந்து பல வருஷம் தங்குவது ஐ.ஜி.ஜி.

முதல் இரண்டும் எதிரியின் தடயங்கள். மூன்றாவது நம் காவல்காரனின் காலடி. எதிரி முதலில் வருவான், காவல்காரன் சற்றுத் தாமதமாகத்தான் வருவான். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

பி.சி.ஆர். என்றால்?

சதுரங்கப் பலகைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று வைத்துக்கொண்டே போனால் ராஜாவின் களஞ்சியமே காலி! பி.சி.ஆர். அந்தக் கணக்குதான். அமெரிக்கரான கேரி மல்லிஸ் 1983-ல் கண்டுபிடித்த முறை இது. 1993-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது.

முதலில் வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுகிறார்கள். பிறகு யந்திரம் சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி சூடேற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அதை இரட்டிப்பாக்குகிறது. முப்பது சுற்றில் ஒன்று, நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். இருந்த இடம் தெரியாத பொருள் இப்போது எடுப்பாகத் தெரிந்துவிடும். வந்திருப்பது டெங்குவின் நான்கு வகைகளில் எது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில்தான் இதற்கு மதிப்பு. அதன்பின் ரத்தத்தில் வைரஸ் குறைந்துவிடும். செலவு அதிகம், பெரிய லேபும் வேண்டும். ஆகவே எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை.

எலைசா: குழிப்பணியாரச் சட்டி!

எலைசா டெஸ்ட் செய்யும் தட்டை நீங்கள் பார்த்தால், 'அட, குழிப்பணியாரச் சட்டி மாதிரி இருக்கே!' என்பீர்கள். பிளாஸ்டிக் தட்டில் எட்டுக்குப் பன்னிரண்டு வரிசையாக 96 சின்னக் குழிகள். 1971-ல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மன் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள். அதே சமயத்தில் ஹாலந்திலும் தனியாக ஒரு குழு இதைச் செய்தது.

ஐ.ஜி.எம். எலைசாவை எடுத்துக்கொள்வோம். குழியின் அடியில், ஐ.ஜி.எம்.மைப் பிடித்து வைக்கும் பொருள் ஒன்று பூசப்பட்டிருக்கும். அதில் நோயாளியின் ரத்த சீரத்தை விடுகிறார்கள். ரத்தத்திலுள்ள ஐ.ஜி.எம். எல்லாம் அடியில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு டெங்கு ஆன்டிஜனை விடுகிறார்கள். ஒட்டியிருக்கும் ஐ.ஜி.எம். டெங்குவை எதிர்த்து உண்டானதாக இருந்தால் மட்டும், அந்த ஆன்டிஜனைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி கழுவிவிட்டு, அந்த ஆன்டிஜன்மேல் ஒட்டக்கூடிய, என்ஸைம் சேர்த்த பொருளை விடுகிறார்கள். கடைசியில் ஒரு ரசாயனம். என்ஸைம் அங்கே இருந்தால் நிறம் மாறும், இல்லாவிட்டால் மாறாது. நிறத்தின் அடர்த்தியை யந்திரம் அளந்து எண்ணாகச் சொல்லும்.

சில மணி நேரத்தில் முடிகிற வேலைதான். ஆனால் ஒரு தட்டில் பல பேரின் ரத்தத்தைச் சேர்த்துச் செய்வதால் 'நாளைக்கு வாங்க' என்று லேபில் சொல்லக்கூடும். கோபப்படாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் டெங்குவை உறுதி செய்ய எலைசாவைத்தான் நம்புகிறார்கள். இதற்கான ஐ.ஜி.எம். கிட்களைப் புனே நிறுவனமே தயாரித்து அளிக்கிறது. என்.எஸ்.1 புரதத்தைக் கண்டுபிடிக்கவும் தனி எலைசா இருக்கிறது.

இருபது நிமிஷ அட்டை

கர்ப்பத்தைக் கண்டறியும் பட்டை பல வீடுகளில் பழக்கம். 2020-ல் கொரோனா வந்தபோதும் இப்படிப்பட்ட அட்டையைப் பார்த்திருப்பீர்கள். டெங்குவுக்கும் அதேதான். ஒரு துளியை விட்டால் அது காகிதம் போன்ற பட்டையில் ஊறிக்கொண்டே போகும். தேடும் பொருள் இருந்தால் 'டி' என்ற இடத்தில் கோடு விழும். அட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக 'சி' என்ற இடத்தில் எப்போதும் கோடு விழ வேண்டும். 'சி' கோடு விழாவிட்டால் அந்த அட்டையே செல்லாது. முடிவு பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை.

சீக்கிரம் தெரிந்துவிடும் என்பது இதன் பலம். எலைசா அளவுக்கு நம்ப முடியாது என்பது பலவீனம். அட்டையில் பாசிட்டிவ் என்றால் 'டெங்குவாக இருக்கலாம், ஜாக்கிரதை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் 'கண்காணிப்பை விடாதே' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்குதான் முக்கியம்!

இப்போது பாடத்தின் உயிர்நாடிக்கு வருகிறோம்.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை: என்.எஸ்.1 பார்க்க வேண்டும். வசதி இருந்தால், டாக்டர் தேவை என்று சொன்னால் பி.சி.ஆர். இந்த நாட்களில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்தால் பலருக்கு நெகட்டிவ் என்றுதான் வரும். காவல்காரன் இன்னும் வந்து சேரவில்லையே!

* ஐந்தாம் நாளுக்குப் பிறகு: ஐ.ஜி.எம். பார்க்க வேண்டும். பத்தாம் நாளில் அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடும். இந்தக் கட்டத்தில் என்.எஸ்.1 மட்டும் பார்த்து 'இல்லை' என்று சொல்லக் கூடாது. எதிரி அதற்குள் மறைந்திருக்கலாம்.

* நாலு, அஞ்சு, ஆறாம் நாட்களில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஆகவே காய்ச்சல் ஆரம்பித்த அன்றே சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். மணியையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். டாக்டர் கேட்டால் 'ஒரு நாலஞ்சு நாளா இருக்குங்க' என்று சொல்லாதீர்கள். நாலா, அஞ்சா என்பதில்தான் எந்த டெஸ்ட் என்பதே அடங்கியிருக்கிறது. லேப் தாளிலும் காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதச் சொல்லுங்கள்.

தாளைப் படிப்பது எப்படி?

என்.எஸ்.1 பாசிட்டிவ்: இப்போது டெங்கு இருக்கிறது என்பதற்கு வலுவான சாட்சி.

ஐ.ஜி.எம். பாசிட்டிவ்: சமீபத்தில் டெங்கு வந்திருக்கிறது. இது இரண்டு, மூன்று மாதம் வரை ரத்தத்தில் நிற்கக்கூடும். போன மாதம் வந்த டெங்குவின் ஐ.ஜி.எம். இந்த மாத டைபாய்டுக் காய்ச்சலில் தலைகாட்டிக் குழப்பலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற உறவுக்கார வைரஸ்களும் சில சமயம் ஏமாற்றும்.

ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ்: எப்போதோ ஒருமுறை டெங்கு வந்துபோயிருக்கலாம். இதை வைத்து மட்டும் இன்றைய காய்ச்சலை டெங்கு என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் அலட்சியம் வேண்டாம். டெங்குவில் நான்கு வகை. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் நீண்ட காலப் பாதுகாப்பு. இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அந்த இரண்டாம் முறையில், பழைய எதிர்ப்புப் புரதங்கள் என்.எஸ்.1-ஐ மூடிக்கொள்வதால் டெஸ்ட் நெகட்டிவ் என்று வருவதும் உண்டு. அதாவது, யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே டெஸ்ட் ஏமாற்றக்கூடும்!

எல்லாமே நெகட்டிவ்: நாள் கணக்கைப் பாருங்கள். காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி டெஸ்ட் தேவைப்படலாம். சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், மலேரியா, டைபாய்டு என்று வேறு காரணங்களையும் டாக்டர் யோசிப்பார்.

டெங்குவுக்கு மருந்தே இல்லையாமே, பிறகு டெஸ்ட் எதற்கு?

நல்ல கேள்வி. டெங்கு வைரஸைக் கொல்லும் தனி மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை என்பது உண்மை. ஆனாலும் டெஸ்டால் மூன்று லாபம். டெங்கு என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்ப்போம். அவை ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். இரண்டாவது, தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் ஊசியும் மிச்சம். மூன்றாவது, சுகாதாரத் துறைக்குத் தகவல் போய், உங்கள் தெருவில் கொசுப்புழு ஒழிப்பு நடக்கும். ஒரு வீட்டின் டெஸ்ட் பத்து வீட்டைக் காப்பாற்றும்.

இவற்றோடு சாதாரண ரத்த எண்ணிக்கை டெஸ்டையும் மறக்காதீர்கள். தட்டணுக்கள் எத்தனை என்று மட்டும் எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்திலேயே 'பி.சி.வி.' என்று ஒரு எண் இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு அது. டெங்குவில் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். தட்டணு இறங்க, பி.சி.வி. ஏறினால் அதுதான் அபாய மணி. பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இந்தக் கசிவால் வரும் அதிர்ச்சி நிலைதான். இந்த டெஸ்ட் செலவு குறைந்தது, சின்ன லேபிலும் கிடைக்கும், டாக்டர் சொன்னால் தினமும் எடுக்கலாம்.

நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறோமே?

சித்த மருத்துவனான என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் ஆகிய ஒன்பதும் சேர்ந்தது நிலவேம்புக் குடிநீர். சுரத்துக்குச் சொல்லப்பட்ட மருந்து. 2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளிலேயே கொடுத்தார்கள். நானும் கொடுக்கிறேன். ஆனால் குடிநீர் குடித்தால் டெஸ்ட் வேண்டாம் என்று எந்த சித்த மருத்துவனும் சொல்லக் கூடாது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டு வகையாகப் பார்த்துத்தான் நோயைக் கணிக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். பார்க்காமல் மருந்து கொடுப்பது எங்கள் மரபே இல்லை. ரத்தக் குழாயில் கசிவு எவ்வளவு என்று காட்டும் லேப் தாளை அந்த எட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

பப்பாளி இலைச் சாறு கொடுத்துத் தட்டணு ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. ஆபத்து நாட்கள் கடந்ததும் தட்டணு தானாகவே ஏற ஆரம்பிக்கும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணிக்கையைத் துரத்திக்கொண்டு கசிவைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

காய்ச்சல் இறங்கும் நாளில் கண் விழிப்பாக!

இதைப் படித்து மறந்தாலும், இந்த ஒரு பகுதியை மட்டும் மறக்காதீர்கள். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை. காய்ச்சல் இறங்கும்போதுதான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கசிவின் நேரம். அப்போது கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும், டெஸ்ட் தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

* விடாத வயிற்றுவலி
* திரும்பத் திரும்ப வாந்தி
* பல் ஈறு, மூக்கில் ரத்தம், கருப்பாக மலம் போவது
* கை கால் சில்லிட்டுப் போவது
* ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது
* அதிகச் சோர்வு, தூங்கி வழிவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது

வீட்டில் இருக்கும்வரை கஞ்சி, இளநீர், மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் என்று அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் போன நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகிறது, அது கடிப்பது பகலில். வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால்தான் இந்த வாரக் கணக்கு.

லேப் தாள் ஒரு சாட்சி. நாள் கணக்கு இன்னொரு சாட்சி. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண்கள் மூன்றாவது சாட்சி. மூன்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.